வெள்ளம் அறுத்த குழி

அப்போது நான் எட்டாம் வகுப்பு. எங்கள் வீட்டில் அதற்குமுன் யாரும் எட்டிப் பார்க்காத வகுப்பு அது. அந்தத் திமிர் எனக்கு நிறையவே இருந்தது.

அந்த வருடம் வேகவதி கரையை மீறியதில், ஆற்றோரம் இருந்த எங்கள் மண்சுவர் வீடு ஒரே இரவில் உட்கார்ந்துவிட்டது. அப்பா முதலில் தறி மரங்களைக் காப்பாற்றி, மேட்டில் இருந்த மாமா வீட்டில் சாய்த்து வைத்தார். அடுத்ததாக என்னைத் தூக்கிப் போனார். இந்த வரிசையை நான் மறக்காமல் வைத்திருந்தேன்.

தூத்துக்குடிப் பக்கத்துச் சர்ச் ஒன்றிலிருந்து பத்துப் பன்னிரண்டு பேர் வேனில் வந்து இறங்கினார்கள். கல்லூரிப் பிள்ளைகள், இரண்டு கொத்தனார்கள், ஒரு தச்சர். சுனாமியின்போது அவர்கள் ஊரில் வீடு கட்டிக்கொடுக்க எங்கிருந்தோ ஆட்கள் வந்தார்களாம். அதனால் இப்போது இவர்கள் எங்கள் தெருவுக்கு வந்திருந்தார்கள். ஜெபம் செய்துவிட்டுத்தான் கடப்பாரையைத் தொடுவார்கள். முதல் நாள் எல்லோரும் ஆமென் சொன்னபோது, அம்மா பழக்கதோஷத்தில் உரக்க, "கோவிந்தா!" என்றுவிட்டாள். தலைவராக வந்திருந்த ஸ்டீபன் அண்ணன்தான் முதலில் சிரித்தார். "அதுவும் மேல கேட்டிருக்கும்மா, கவலப்படாதிய."

அந்தக் குழுவில் இருந்த ஓர் அக்கா, வெயிலில் காய்ந்துகொண்டிருந்த என் புத்தகங்களைப் பார்த்துவிட்டு, தச்சரிடம் எனக்கு ஒரு மேஜை செய்துதரச் சொல்கிறேன் என்றார். "வீட்டுல போட எடம் இருக்கா தம்பி?"

இருக்காது. அது எனக்குத் தெரியும். எங்கள் வீடு ஒரே அறை. பாதி அறையைத் தறி அடைத்துக்கொள்ளும். மீதியில் சமையல், சாப்பாடு, தூக்கம், என் படிப்பு. ஆனாலும் இருக்கிறது என்று தலையாட்டினேன்.

தரை போடுகிற அன்று அப்பா, நெய்ய நூல் கொடுக்கும் முதலாளியைப் பார்க்கப் போயிருந்தார். தறியை மறுபடி வீட்டில் பூட்டினால்தான் நெய்வதற்குப் புதிய பாவு நூல் கிடைக்கும், பாவு கிடைத்தால்தான் அடுப்பு எரியும். அம்மா நிவாரண அரிசிக்கு வரிசையில் நின்றிருந்தாள். வீட்டின் நடுவே தறிக்குழி மட்டும் சேறு நிரம்பிக் கிடந்தது. நெசவாளி விளிம்பில் உட்கார்ந்து, கால்களை உள்ளே விட்டுத் தறியை மிதிக்கிற குழி. கடலோரத்துக்காரர்களுக்கு அதைப் பற்றி என்ன தெரியும்? ஸ்டீபன் அண்ணன் என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, இது என்ன குழிடே? எதுக்கும் வேணுமா?"

அந்தக் குழி இருந்த இடத்தில் என் மேஜை நிற்பதுபோல எனக்குத் தெரிந்தது.

"வேணாம்ணா. வெள்ளம் அறுத்துக்கினு போன பள்ளம்."

"உங்க ஊரு வெள்ளம் நல்லா சதுரமால்லா அறுத்திருக்கு!"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இடிந்த வீட்டின் அஸ்திவாரக் கற்களை ஓடி ஓடிப் பொறுக்கி, முதல் கூடையை நானே குழிக்குள் கொட்டினேன். மத்தியானத்துக்குள் குழி மூடி, ஜல்லி பரப்பி, மேலே சிமெண்டும் பூசியாயிற்று. கண்ணாடி மாதிரி வழவழவென்று ஒரு தரை. எனக்குப் பெருமையாக இருந்தது.

சாயங்காலம் அப்பாவும் அம்மாவும் சேர்ந்தே வந்தார்கள். முதலாளி ஒப்புக்கொண்டுவிட்டார் போலும். வந்தவர்களுக்காக அப்பா ஒரு பெரிய பொட்டலம் போண்டா வாங்கி வந்திருந்தார். வாசலில் நின்று தரையைப் பார்த்தார். அம்மாதான் பதறினாள்.

"ஐயையோ, குழி எங்கய்யா?"

ஸ்டீபன் அண்ணனின் முகம் மாறியது. "அது தேவையான குழியாண்ணே? தம்பி வெள்ளம் அறுத்ததுன்னு..."

என் காது இரண்டும் கொதித்தன. அப்பா என்னைப் பார்க்கவேயில்லை.

"வெள்ளம் அறுத்ததுதான்பா. அவளுக்கு இன்னா தெரியும்? மூடினதே நல்லது, ராத்திரில எவனாச்சும் கால வுட்டுக்குவான்." பொட்டலத்தைப் பிரித்தார். முதல் போண்டாவை என் கையில் வைத்தார். "நீயும் கல்லு சொமந்தியாமே. துன்னு."

சூடாக இருந்தது. இரண்டு தின்றேன்.

அவர்கள் வேன் ஏறிப் போன பிறகும் தரையை உடைக்க அப்பா சம்மதிக்கவில்லை. "கையில கொப்புளம் வந்து போட்ட தரைடி அது" என்று அம்மாவின் வாயை அடைத்தார். தறி மரங்கள் மாமா வீட்டிலிருந்து திரும்பி வரவில்லை. முதலாளி தருவதாகச் சொன்ன பாவு வேறு யார் வீட்டுக்கோ போயிற்று. அதன்பிறகு அப்பா, ஒரு காலத்தில் தன்னிடம் நெசவு கற்றுக்கொண்டவனின் வீட்டுக்கே கூலிக்கு நெய்யப் போனார். காலையில் நான், தச்சர் செய்துகொடுத்துப் போன மேஜையில் படித்துக்கொண்டிருப்பேன். சத்தம் வரக் கூடாது என்று செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே போவார்.

அந்த மேஜையில் படித்துத்தான் கல்லூரி வரைக்கும் போனேன். நடுவில் எத்தனையோ முறை அப்பாவிடம் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தேன். சொல்லவில்லை.

அன்றைக்கு நான் தப்பித்துவிட்டதாகவே நினைத்தேன். என்னை அடிக்கவில்லை, ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆகவே அப்பாவுக்கு விஷயம் தெரியாது. தன் கையால் வெட்டிய குழியை, கல்யாணமான நாளிலிருந்து தினமும் கால் வைத்து உட்கார்ந்த குழியை, ஒரு மனிதன் வெள்ளம் அறுத்ததென்று நம்பிவிடுவான் என்று எண்ணுகிற அளவுக்குத்தான் அப்போது என் படிப்பு இருந்தது.