அணைத்த திரையில் ஒரு வரி

பழைய கணினி ஆர்வலர் சங்கத்தின் அந்த ஆண்டுப் பந்தயம் எளிமையானது: பரணில் கிடக்கும் கணினிக்கு உயிர் கொடுத்து, எல்லோர் முன்னும் ஓட்டிக் காட்ட வேண்டும். சங்க உறுப்பினரான லிஃப்ட் மெக்கானிக் ஒருவர் தம் மறைந்த மனைவியின் கணினியைக் கொண்டுவந்தார். மருத்துவமனை வரவேற்பறையில் அவள் நோயாளிகளின் பெயரைப் பதிந்த கணினி அது. மருத்துவமனை அதைக் கழித்துப் போட்டபோது ஆசையாய் வாங்கி வந்திருந்தாள்.

ஆண்டுக்கணக்கில் ஒரே வரி ஒளிர்ந்து, திரையில் தழும்பாகப் படிந்துவிட்டது. அணைத்தாலும் சாம்பல் நிறத்தில் தெரிந்தது: 'அடுத்த பெயர்?'

"அண்ணே, வேற பிக்சர் ட்யூப் தர்றேன், மாத்திடுங்க. இந்தக் கறைக்கு மார்க்கைக் குறைச்சிடுவாங்க," என்றார் சங்க நண்பரான ரேடியோக்காரர். "பேய் பிடிச்ச பெட்டின்னு வேற சொல்லுவாங்க."

"அந்தப் பேயோடதான் இத்தனை வருஷம் குடித்தனம் பண்ணேன். இருக்கட்டும், விடுப்பா."

சொன்னபடியே மார்க் குறைந்தது. பரிசு ரேடியோக்காரருக்குப் போயிற்று. வீடு திரும்பிய மெக்கானிக் கணினியை மேசைமேல் வைத்து, மின்சாரம் கொடுக்காமலே எதிரில் அமர்ந்தார். சாய்ந்த வெயிலில் அந்த வரி துலங்கியது. மனைவியின் குரலிலேயே கேட்பதுபோல் இருந்தது.

மகள் எட்டிப் பார்த்தபோது, அவர் விரல்கள் விசைப்பலகையில் அவர் பெயரையே நிதானமாகத் தட்டி முடித்திருந்தன. பதிவு செய்யும் கடைசி விசைக்கு நகர்ந்த கையை அவள் மெல்லப் பிடித்துக்கொண்டாள்.

"டீ ஆறுதுப்பா. எழுந்து வாங்க."