நல்லூரில் சிரிக்காத முகம்

உடுப்பிட்டியிலிருந்து வந்த களைப்போடு நல்லூரில் ஒரு மாலைக் கச்சேரியில் உட்கார்ந்திருக்கிறேன். மின்சாரம் இல்லை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, ஒருவர் பெடலைக் கையால் சுற்ற, அந்த டைனமோவில்தான் மைக் வேலை செய்கிறது. பாட்டுகள் நன்றாகவே போகின்றன. இடையில் நகைச்சுவைக்காரர் ஒருவரின் பகிடி தொடங்கியதும் சிக்கல். சுற்றுகிறவர் சிரிக்கிறார், சக்கரம் நிற்கிறது, பகிடியின் முடிவு பின்வரிசைக்குக் கேட்பதில்லை. ஆளை மாற்றியும் பயனில்லை. பின்வரிசை எழும்பிப் போகத் தொடங்குகிறது.

பகிடிக்காரர் மேடையிலிருந்து இறங்கி நேரே என்னிடம் வருகிறார்.

“ஐயா, அப்ப துவக்கம் உங்கடை முகத்தைப் பாக்கிறன். ஒரு சொட்டுச் சிரிப்புமில்லை. இதைச் சுத்தித் தருவியளோ?”

“அரசாங்கக் கந்தோரிலை கிளாக்கரா முப்பது வருசம் சனத்தின்ரை சாட்டுப்போக்குகளைக் கேட்ட முகம், தம்பி. நீர் போய்க் கதையும்.”

சுற்றுகிறேன். ஓய்வூதியம் எடுக்க வந்தவரிடமே, அவர் உயிரோடிருப்பதற்கு அத்தாட்சி கேட்கும் கிளாக்கரின் கதையைப் பகிடிக்காரர் சொல்கிறார். முடிவு கடைசி வரிசை வரை கணீரென்று போகிறது. எழும்பியவர்கள் திரும்பி வந்து உட்கார்ந்து விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். மண்டபம் அதிர்கிறது.

எனக்கு அதில் பகிடி எதுவும் தெரியவில்லை. நடைமுறை அதுதான். சக்கரம் ஒரு கணமும் நிற்கவில்லை.