அமுதவல்லி கடையின் பழைய சாவி

என் தங்கை அமுதவல்லி குமாரபாளையத்தில் இருபத்து நான்கு வருடமாகக் கம்ப்யூட்டரில் ஜக்கார்டு டிசைன் போட்டுத் தருகிறாள். போர்வையிலும் துண்டிலும் மயில், மாங்காய், கொடி என்று உருவங்கள் ஓடுகின்றன அல்லவா? அவற்றைக் கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாக வரைந்து, தறி எந்த நூலைத் தூக்க வேண்டும், எதை விட வேண்டும் என்று அட்டையில் துளை போடும் அளவுக்குக் கொண்டுவந்து கொடுப்பது அவள் வேலை. நான் எட்டாவதோடு நின்றவன். சங்ககிரியில் லாரி பாடி கட்டும் பட்டறையில் பெயின்ட் அடித்தவன். அதனால் கம்ப்யூட்டரைப் பற்றி இதில் வருவதையெல்லாம் அவளிடம் கேட்டு, தாளில் குறித்து, அவளிடமே ஒருமுறை படித்துக் காட்டிவிட்டுத்தான் எழுதுகிறேன். இரண்டு இடத்தில் திருத்தினாள்.

அவள் பிளஸ் டூ முடித்த வருடம் கம்ப்யூட்டர் கிடையாது. டிசைன் போடும் முதலாளி ஒருவரிடம் வேலைக்குச் சேர்ந்தாள். கட்டம் போட்ட பெரிய தாளில் சிவப்புப் பென்சிலால் கட்டங்களை நிரப்ப வேண்டும். ஒரு கட்டம் தப்பினால் துணியில் ஒரு நூல் அந்தரத்தில் நிற்கும். ஞாயிற்றுக்கிழமை நான் ஊருக்கு வந்தால் தாளை விரித்து வைத்துக்கொண்டு உட்காருவோம். நான் எண்ணுவேன், அவள் நிரப்புவாள். "நாப்பத்திரண்டு விடு, மூணு நிரப்பு, ரெண்டு விடு" என்று சாயங்காலம் வரை போகும். பெயின்டு டப்பாவோடு ஆறு நாள் நின்றுவிட்டு வருகிறவனுக்கு அது ஓய்வு மாதிரி இருந்தது. இன்றைக்கும் கட்டம் போட்ட நோட்டைப் பார்த்தால் என் விரல் தானாக எண்ணத் தொடங்கிவிடும்.

பிறகு பாலத்தைத் தாண்டி பவானியில் கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போனாள். முதல் நாள் திரும்பி வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் சொன்னது நினைவிருக்கிறது.

"அண்ணா, தப்பாப் போட்டா அழிக்கறதுக்கு ரப்பரே வேண்டாம். போட்டதே தெரியாது!"

இரண்டாயிரத்து ஒன்றில் அந்த முதலாளி டிசைன் போடுவதற்கென்றே ஒரு சாஃப்ட்வேர் வாங்கினார். ஏழு பிளாப்பியும் ஒரு சாவியும் வந்தன. சாவி என்றால் பூட்டுச் சாவி இல்லை. தீப்பெட்டி அளவில் சாம்பல் நிறக் கட்டை. ஒரு பக்கம் இருபத்தைந்து ஊசிகள். கம்ப்யூட்டரின் பின்பக்கம், அந்தக் காலத்தில் பிரிண்டர் செருகும் இடத்தில், அதைச் செருகி வைக்க வேண்டும். சாஃப்ட்வேர் திறக்கும்போது முதலில் சாவியைத் தேடும். இல்லாவிட்டால் திறக்காது. சில வருடம் கழித்து முதலாளி தொழிலை விட்டுவிட்டு எல்லாவற்றையும் அமுதாவிடமே ஒப்படைத்தார். சாஃப்ட்வேர் செய்த கம்பெனியும் அதற்குள் மூடிவிட்டது. உலகத்தில் அவளுக்கு இருந்தது அந்த ஒரு சாவிதான்.

புதிய சாஃப்ட்வேரும் அவளுக்கு நன்றாகத் தெரியும். ஆனால் பழைய டிசைன்கள் எல்லாம் பழையதில்தான் திறக்கும். அதனால் இரண்டாயிரத்து எட்டில் வாங்கிய கம்ப்யூட்டர் ஒன்றை அதற்கென்றே ஒதுக்கி, சாவியை அதில் செருகி வைத்திருந்தாள். அதற்குப் பிறகு சாவியைக் கழற்றவே இல்லை. ஊரில் யாருக்காவது பழைய சாஃப்ட்வேர் புதுக் கம்ப்யூட்டரில் ஓடவில்லை என்றால் அவளைத்தான் தேடி வருவார்கள். ஆட்டையாம்பட்டி ஜோசியர் ஒருவர் ஜாதகம் கணிக்கும் பழைய பிளாப்பியோடு வந்தார். லேப்டாப்பில் ஓட வைத்துக் கொடுத்தாள். "மிசினு மாறினாலும் கிரகம் மாறக்கூடாது பாருங்க, அம்மிணி" என்று சொல்லிவிட்டுப் போனார்.

வருடம் தவறாமல் ஆயுத பூசைக்கு நான் அவள் கடைக்குப் போய்விடுவேன். கழுவித் துடைத்து, சந்தனம் குங்குமம் வைப்பது என் பொறுப்பு. பட்டறையில் லாரிக்கு வைத்துப் பழகிய கை. மவுஸ், சுவிட்சுப் பெட்டி, ஸ்டெப்லர் என்று ஒன்றையும் விட மாட்டேன்.

போன ஆடியில் காற்று அடித்த ஒரு நாள் கரண்ட் போய்ப் போய் வந்தது. மூன்றாவது முறை வந்தபோது பழைய கம்ப்யூட்டர் எழுந்திருக்கவில்லை. டிசைன்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. அவற்றைத் தனியாகப் பிரதி எடுத்து வைத்திருந்தாள். ஈரோட்டில் புதுக் கம்ப்யூட்டர் வாங்கி வந்து பழைய சாஃப்ட்வேரைப் போட்டாள். இது இந்தக் கம்ப்யூட்டரில் ஓடாது என்று ஒரே வரியில் சொல்லிவிட்டது.

அவள் பயப்படவில்லை. புதுக் கம்ப்யூட்டருக்குள்ளேயே பழைய கம்ப்யூட்டர் ஒன்றை உண்டாக்கினாள். அப்படி ஒரு வழி இருக்கிறதாம். புதியதன் திரையில் ஒரு சன்னல் திறக்கும். அதற்குள் பழைய விண்டோஸ் தான் ஏதோ பழைய பெட்டியில் இருப்பதாக நினைத்துக்கொண்டு ஓடும். நான் போயிருந்த அன்று அதைக் காட்டினாள். பச்சைப் புல்மேடு, நீல வானம், வெள்ளை மேகம். எத்தனை வருடம் அந்தப் படத்துக்கு எதிரில் அமர்ந்து இவளோடு டீ குடித்திருக்கிறேன்! பழைய ஆளைப் பஸ் ஸ்டாண்டில் பார்த்தது போலிருந்தது.

ஆனால் உள்ளே சாஃப்ட்வேர் திறந்து சாவியைக் கேட்டது. புதுக் கம்ப்யூட்டரின் பின்பக்கம் சாவி செருகும் இடமே இல்லை. யூஎஸ்பியில் இருந்து வரும் ஒயர் ஒன்று வாங்கிச் செருகினாள். 'சாவி இல்லை' என்றது. கோயம்புத்தூரில் இருந்து ஒரு கார்டு வரவழைத்து, பெட்டியைத் திறந்து உள்ளே பொருத்தி, பழைய மாதிரியே செருகும் இடம் உண்டாக்கினாள். அப்போதும் 'சாவி இல்லை' என்றது.

இதற்குள், நான் இன்னொரு முறை போயிருந்தபோது, கருப்பண்ணன் வந்து நின்றான். பன்னிரண்டு தறி வைத்து ஓட்டுபவன். ஒன்பது வருடத்துக்கு முன்னால் அமுதா போட்ட மயில் போர்வை மறுபடி வேண்டும் என்று வெளியூர் வியாபாரி கேட்டிருக்கிறார். பழைய அட்டைகளை எலி தின்றுவிட்டது.

"ஏனுங்க்கா, புதுக் கம்ப்யூட்டர் ஓடும் ஓடும்னாங்க. இது நடக்கவே மாட்டேங்குது?"

"உன்ற தறியுந்தான் புதுசு. வாரத்துல ரெண்டு நாளு நூலை அத்துப் போட்டுட்டு நிக்கறதில்லையா?" என்றாள் அமுதா.

"அதச் சொல்லாதீங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள ஆச்சுன்னாப் பாருங்க. இல்லீனா வேற பக்கம் குடுத்துப் புதுசா வரையச் சொல்லோணும். வரைஞ்சாலும் என்ற மயிலு வராதுக்கா. கழுத்து ஒரு நூலு தடிச்சாலும், இது கோழின்னு திருப்பி உட்ருவாங்க."

அவன் போன பிறகு அமுதா எனக்குப் பட்டியலைக் காட்டினாள். ஆயிரத்து எண்ணூற்று அறுபத்திரண்டு பெயர்கள். மயில் அதில் ஒன்று.

"எல்லாம் இருக்குதுண்ணா. ஒண்ணையும் பாக்க முடியல. என்ற ஊட்டுக்கு வெளியே நானே நின்னுட்டு இருக்கறாப்பல இருக்குது."

அவள் கண் கலங்கி நான் பார்த்தது குறைவு.  பஸ் ஏறிவிட்டேன்.

வியாழக்கிழமை காலையில் மறுபடி போனேன். அவள் கார்டை மாற்றிப் பொருத்தி, அமைப்பெல்லாம் மாற்றி, எதற்கும் மசியாமல் கை ஓய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

"சாவியே செத்துருச்சுண்ணா. வயசாயிருச்சு, வேற ஒண்ணுமில்ல" என்று சொல்லி, அதைக் கழற்றி என் கையில் கொடுத்தாள்.

அதுவரை நான் அதைக் கையில் வாங்கிப் பார்த்ததில்லை. கம்ப்யூட்டரின் பின்னால் குனிந்து தொட்டதோடு சரி. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனேன். மேலெல்லாம் மஞ்சள் பொருக்கு, நடுவில் கறுத்த குங்குமம். ஓரத்தில் ஏடு ஏடாகப் படிந்திருந்தது. ஊசிகளின் பக்கம் திருப்பினேன். தண்ணீராக இறங்கிய சந்தனம் ஊசிகளின் வேர் வரை போய்க் காய்ந்து, அங்கங்கே பச்சை பூத்திருந்தது. பெயின்ட் அடிக்கிறவனுக்கு இதைப் பார்த்தால் தெரியும். கீழே அழுக்கு இருந்தால் மேலே எது போட்டாலும் ஒட்டாது.

"அமுதா, இது ஆரு வெச்ச சந்தனம்?"

"வருசா வருசம் ஆரு வெக்கறாங்க?"

ஊசிகளை வெளிச்சத்தில் இன்னும் தூக்கிப் பிடித்தேன். அவள் எழுந்து வந்து என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தாள். இரண்டு பேரும் கணக்குப் போட்டோம். இரண்டாயிரத்து எட்டில் இருந்து பதினேழு பூசை. சாவி அசையாமல் இருந்த வரை ஊசிகள் உள்ளே இறுக்கமாகப் பிடித்துக்கொண்டிருந்தன. கழற்றியதும் காய்ந்த சந்தனம் உதிர்ந்து ஊசிகளின் மேல் விழுந்துவிட்டது. பிறகு எங்கே செருகினாலும் ஊசிக்கும் துளைக்கும் நடுவில் நான் வைத்த பொட்டு நின்றது. அவளும் ஒரு மாதமாக அதை எடுத்து எடுத்துப் பார்த்தவள்தான். எங்கள் ஊரில் சந்தனம் இல்லாத மெஷின்தான் கண்ணுக்கு வித்தியாசமாகத் தெரியும்.

திட்டுவாள் என்று நினைத்தேன். சிரித்துவிட்டாள்.

"ஸ்டெப்லரையே உடாத மனுசன், இத உட்ருவீங்களா?"

"பட்டறையில தின்னர் இருக்குது. போய் எடுத்துட்டு வாரேன்."

"ஐயோ சாமி! பிளாஸ்டிக்கு கரைஞ்சு போயிரும். இருங்க."

மருந்துக் கடையில் ஸ்பிரிட்டும், பக்கத்துக் கடையில் மெத்தென்ற பல் துலக்கும் பிரஷ்ஷும் வாங்கி வந்தாள். சுத்தம் செய்வதை நானே செய்கிறேன் என்று கேட்டு வாங்கிக்கொண்டேன். மேல் வரிசை பதின்மூன்று, கீழ் வரிசை பன்னிரண்டு. ஒவ்வொரு ஊசியாகப் பிரஷ்ஷால் தேய்த்து, தையல் ஊசியின் முனையால் வேரில் இருந்ததை நோகாமல் நெம்பி எடுத்து, பஞ்சால் ஒற்றினேன். முடிந்த ஊசியை நான் சொல்லச் சொல்ல அவள் தாளில் கோடு போட்டாள். பென்சில் காலத்துக்குப் பிறகு நாங்கள் இருவரும் சேர்ந்து எண்ணியது அன்றைக்குத்தான். ஒன்றேகால் மணி நேரம் ஆயிற்று. மின்விசிறிக்கு அடியில் காய வைத்தோம். கார்டில் இருந்த துளைகளையும் அவள் துடைத்தாள்.

செருகிவிட்டு வந்து உட்கார்ந்தாள். புல்மேடு வந்தது. சாஃப்ட்வேரைத் தட்டினாள். திரை கறுப்பாக நின்றது. அவள் மூச்சு விடுவது எனக்குக் கேட்டது. 'டிங்' என்று ஒரு சத்தம். பிறகு அந்தப் பழைய நீலத் திரை, மஞ்சள் எழுத்து, ஓரத்தில் பதினாறு வண்ணக் கட்டங்கள்.

"வந்துருச்சுண்ணா" என்றாள். சத்தமாகக்கூட இல்லை.

மயிலைத்தான் முதலில் திறப்பாள் என்று பார்த்தேன். அவள் பட்டியலின் தொடக்கத்துக்குப் போனாள். அந்தக் காலத்தில் பெயருக்கு எட்டு இங்கிலீஷ் எழுத்துதான் இடமாம். முதல் பெயர் 'மருதாச்' என்பதோடு அறுந்து நின்றது. மருதாசலம் என்ற என் பெயர். திறந்தாள். துண்டின் கரையில் வரிசையாகச் சின்னச் சின்ன லாரிகள். பின்கதவில் ஒரு தாமரை. நான் அந்தக் காலத்தில் லாரிகளில் வரைந்த அதே ஆறிதழ்த் தாமரை. சாஃப்ட்வேர் வந்த வாரம் பழகுவதற்காகப் போட்டது. லாரி போட்ட துண்டை எவன் வாங்குவான் என்று முதலாளி சிரித்துவிட்டு, மாதிரிக்கு ஒன்று மட்டும் ஓட்டிக் கொடுத்தார். அது என் தோளில் கிடந்து நூல் நூலாகப் போனது. டிசைனுக்கு என் பெயரை வைத்திருந்தாள் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

"முந்தியே சொல்லியிருக்கலாமல்ல?"

"நீங்க கேக்கலையே."

மயிலும் திறந்தது. ஒரு நூல்கூடத் தடிக்கவில்லை. வெள்ளிக்கிழமை கருப்பண்ணன் வந்து வாங்கிப் போனான். நடந்ததைக் கேட்டுவிட்டு, "இனிமே எங்க தறிக்கொட்டாய்க்கும் பூசைக்கு அண்ணனக் கூப்பிடக்கூடாது போல இருக்குதுங்" என்றான். அதற்குப் பிறகு அமுதா ஆயிரத்து எண்ணூற்று அறுபத்திரண்டையும் ஒவ்வொன்றாகத் திறந்து, புதிய சாஃப்ட்வேரும் படிக்கும்படி மாற்றிச் சேமித்து வருகிறாள். ஒரு நாளைக்கு இருபது, இருபத்தைந்து. அறுநூறு தாண்டிவிட்டது. ஒவ்வொன்றும் திறக்கும்போது, இது யாருக்கு, எந்தத் தறிக்கு என்று அவளுக்கு நினைவு வந்துவிடுகிறது. போனில் எனக்குச் சொல்வாள்.

இந்த வருட ஆயுத பூசைக்கும் போனேன். கழுவித் துடைத்தேன். மவுஸ், சுவிட்சுப் பெட்டி, ஸ்டெப்லர் எல்லாவற்றுக்கும் வைத்தேன். கிண்ணத்தோடு குனிந்து கம்ப்யூட்டரின் பின்பக்கம் போனேன். சாவியில் வைக்கும் எண்ணம் எனக்கு இல்லை. பதினேழு வருடம் போன வழியில் கால் போனது, அவ்வளவுதான்.

முன்னால் சூடம் ஏற்றிக்கொண்டிருந்தவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"அண்ணா, கை எங்க போகுது?"

சாவியில் இருந்து ஒரு சாண் தள்ளி, சுவரில், அவள் ஒரு வெள்ளை அட்டையை ஒட்டி வைத்திருந்தாள். அதில் வைத்தேன்.