வேஸ்ட் என்ற சொல்லும் சித்தியின் மூக்கும்

உலகத்தில் மூக்கு என்று சொல்லத்தக்கது மொத்தம் மூன்றுதான். அதில் முதலாவது சித்தியுடையது. மோப்ப நாய்கள் அதனிடம் டியூஷனுக்கு வரவேண்டும். வந்தாலும் பாதி நாய்கள் ஃபெயிலாகிவிடும். கட்டிய குப்பைப் பையை அவிழ்க்காமலே, "நாலாம் மாடி. பாலைக் காய்ச்ச மறந்துட்டாங்க, குழந்தைக்கு வயித்தால போகுது" என்று சொல்லிவிடுவாள்.

அந்த மூக்குக்கு வாய்த்த வேலையைப் பாருங்கள். எட்டு மாடிக் கட்டடத்தின் அடியில், கார் நிறுத்தும் இடத்துக்குப் பின்னால், ஜன்னல் இல்லாத ஓர் அறையில் குப்பை பிரிக்கிற வேலை. அங்கே வாட்ச்மேனாக இருக்கும் அவள் அக்கா புருஷன் சொல்லித்தான் ஆறு வருஷத்துக்கு முன்னால் அவளைச் சேர்த்துக்கொண்டார்கள். ஈரம் ஒரு பக்கம், காய்ந்தது ஒரு பக்கம். காகிதத்தை மட்டும் தாள் தாளாக நீவிக் கோணியில் அடுக்குவாள். நீவும்போதுதான் குமட்டும். ஒன்றில் வெட்டிய நகம், இன்னொன்றில் மென்று துப்பியது, அடுத்ததில் சீப்பிலிருந்து உருவிய முடிப்பந்து, அதில் பேன். "படிச்சவங்க வீட்டுக் குப்பைக்குத்தான் நாத்தம் ஜாஸ்தி. காரித் துப்புறதுக்குக்கூட நல்ல வெள்ளைத் தாளாத் தேடி எடுக்கிறாங்க" என்பாள்.

ஒரு நாள் குவியலில் அட்டை கிழிந்த ஆங்கில-தமிழ் அகராதி ஒன்று வந்தது. மேலே எவனோ தயிரைக் கொட்டியிருந்தான். சித்தி எட்டாவது வரை படித்தவள். துடைத்துவிட்டு, தான் தினமும் அள்ளுகிற சாமானின் பெயரை எழுத்துக்கூட்டித் தேடினாள். வேஸ்ட். கழிவு என்று போட்டிருந்தது. வீணாக்குவது, பாழாக்குவது, தரிசு நிலம் என்றும் போட்டிருந்தது. நோயில் உடம்பு உருகிப்போவதற்கும் அதே சொல்தானாம். சித்தப்பா கடைசி நாலு மாதம் அப்படித்தான் போனார். அந்த வரியைக் கட்டைவிரலால் மூடிக்கொண்டு கீழே போனாள். அடியில் பொடி எழுத்தில், வெறுமையாகக் கிடக்கும் நிலத்தைக் குறித்த பழைய லத்தீன் சொல்லிலிருந்து இது பிறந்தது என்று எழுதியிருந்தது.

சித்திக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"வெறுமையாமே! இதை எழுதுனவனை வந்து ஒரு பையில கைய விடச் சொல்லு."

அன்று முழுக்க வாய் ஓயவில்லை. மெக்கானிக் கை துடைக்கிற நூலுக்கும் வேஸ்ட் என்றுதான் பெயர், அதைப் புதிதாகக் கடையில் வாங்குகிறான். கழுவு தொட்டிக்கு அடியில் இருக்கிற குழாயும் வேஸ்ட். லீவு நாளில் மழை பெய்தால் நாளே வேஸ்ட். கணக்கில் ஃபெயிலானால் பெற்ற பிள்ளையே வேஸ்ட். இந்த வீட்டுக்காரர்கள் எல்லாவற்றையும் ஒரே பையில் போடுவதுபோல, எல்லாவற்றையும் ஒரே சொல்லில் போட்டு முடிச்சுப் போட்டிருக்கிறார்கள், பிரிக்க ஓர் ஆள் வைக்கவில்லை என்று பொருமினாள். அகராதியைக் கோணியில் போடாமல் அலமாரியில் எடுத்து வைத்தாள்.

அடுத்த வாரம் வியாழக்கிழமை, பழைய பேப்பர் கடைக்காரர் காலையில் வாங்கிப்போன கோணியை மாலையே திருப்பிக்கொண்டு வந்து தொப்பென்று போட்டார். நடுவில் ஒரு மீன்தலை. மூன்று நாள் ஊறி, கண் இருந்த இடத்தில் புழு நெளிந்தது. காகிதம் முழுக்கச் சாறு. குடியிருப்போர் சங்கச் செயலாளர் கர்சீப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்து பார்த்தார். யார் போட்டது என்று சனிக்கிழமைக்குள் தெரியவேண்டும், இல்லாவிட்டால் வேலையை ஒரு கம்பெனிக்குக் கொடுத்துவிடுவோம் என்று சொல்லிவிட்டு லிஃப்டில் ஏறிப் போய்விட்டார்.

மூன்று நாளும் அந்த மூக்கு என்ன செய்துகொண்டிருந்தது என்று கேட்பீர்கள். ஜலதோஷத்தில் அடைத்துக் கிடந்தது. சித்தி யாரிடமும் மூச்சு விடவில்லை. மூக்குப் போனால் வேலையும் போகும் என்ற பயத்தில், தொட்டுப் பார்த்தே ஒப்பேற்றியிருந்தாள்.

வெள்ளிக்கிழமை மூக்கு திறந்தது. திறந்த நேரம் அப்படி. கோணியைத் தரையில் கவிழ்த்து ஒவ்வொரு தாளாக முகர்ந்தாள். இரண்டு தரம் ஓடிப்போய் வாந்தி எடுத்துவிட்டு வந்து முகர்ந்தாள். மீன் ஏழாம் மாடியுடையது, சந்தேகமில்லை. ஆனால் அந்த வீட்டம்மா மீன் கழிவை மூன்று கவர் போட்டுக் கட்டுகிறவள். அப்படியென்றால் யாரோ கவரைப் பிரித்துத் தலையை மட்டும் எடுத்திருக்கிறார்கள். அடியில் கோடு போட்ட நோட்டுத்தாள் ஒன்று செதில் ஒட்டிக் கிடந்தது. மீனைச் சுற்றிய தாள். நீவினாள். "உலகத்தில் மூக்கு என்று சொல்லத்தக்கது மொத்தம்" என்று ஆரம்பித்திருந்தது. கோழி கிளறிய மாதிரியான அந்தக் கையெழுத்தை, அவன் எழுதப் பழகியதிலிருந்து பார்க்கிறாள். அக்கா மகன்.

சாப்பிட்டுக்கொண்டிருந்தவனைக் கூப்பிட்டனுப்பினாள். வந்தான். தாளைக் காட்டினாள்.

"எதுக்குடா போட்ட?"

பள்ளிக்கூடத்தில் சாதாரண ஆள் ஒருவரைப் பற்றி எழுதச் சொன்னார்களாம். மூடிய கோணிக்குள் இருப்பதைச் சித்தி மோந்தே எந்த வீடு என்று சொன்னால் கட்டுரைக்கு முடிவு பிரமாதமாக இருக்கும் என்று நினைத்தானாம். சொல்வாள், சொல்வாள் என்று மூன்று நாள் காத்திருந்தானாம்.

"சொல்லியிருக்கலாமே சித்தி, சளின்னு."

"நீயும் சொல்லியிருக்கலாமே, மீன்னு."

செயலாளருக்குத் தெரிந்தால் அப்பாவுக்கு வாட்ச்மேன் வேலை போய்விடுமே என்று இழுத்தான்.

"பெரியவங்க செஞ்சா வேலை போகும். பிள்ளை செஞ்சா திட்டோட போகும். நான் போட்டுக் குடுக்க மாட்டேன். எழுதத்தான் வருதே, நடந்ததை முழுசா எழுதி நாளைக்கு செயலாளர் கையில நீயே குடு."

செயலாளர் ஐயா கையில் இப்போது இருப்பது அதுதான், இந்தத் தாள்கள்தான்; இந்தக் கடைசிப் பகுதி மட்டும் பிறகு சேர்த்தது. கொடுப்பதற்கு முன்னால் தன்னிடம் காட்டச் சொல்லியிருந்தாள் சித்தி. கையுறையைக் கழற்றி, விரல் வைத்து, ஒரு வரி விடாமல் படித்தாள். சித்தப்பா வந்த இடத்தில் கொஞ்சம் நின்றாள். பிறகு முதல் வரிக்கே திரும்பிப் போனாள்.

"மூணு மூக்குன்னு எழுதியிருக்க. மத்த ரெண்டும் யாரோடதுடா?"