ராணி அறைக்குப் பின்னால் ஒரு கதவு

கொடைக்கானலில் ஒரு அரண்மனை இருப்பது, சித்தியைப் பெண் பார்க்க ஏற்பாடு ஆகும்வரை எங்கள் வீட்டில் யாருக்கும் நினைவில்லை. கீழ்நாட்டு ராஜா ஒருவர் வெயிலுக்குப் பயந்து செண்பகனூருக்கு மேலே கட்டிக்கொண்ட மாளிகை. இப்போது டிக்கெட் எடுத்தால் ராஜாவும் ராணியும் புழங்கிய அறைகளைச் சுற்றிப் பார்க்கலாம்.

எங்கள் மலைக்கிராமத்தில் மாப்பிள்ளை வீட்டார் முதலிலேயே வீட்டுக்கு வந்துவிடுவதில்லை. வந்து ஒத்துவராமல் போனால் பூண்டுத் தோட்டத்தில் களை எடுக்கிறவர்கள்வரை அதையே பேசுவார்கள். அதனால் ஏதாவது பொது இடத்தில் இரண்டு குடும்பமும் தற்செயலாகச் சந்தித்துக்கொள்ளும். பெரும்பாலும் பழனிக் கோயில்தான். மாப்பிள்ளையின் தாய்மாமாவுக்கு முழங்கால் வலி, படி ஏற முடியாது என்பதால் அரண்மனை.

இவையெல்லாம் நான் பின்னால் தெரிந்துகொண்டவை. எட்டு வயதில் எனக்குச் சொல்லப்பட்டது இவ்வளவுதான்: அரண்மனை பார்க்கப் போகிறோம், எதையும் தொடக்கூடாது, சித்தி கையை விடக்கூடாது.

சித்தி அம்மாவின் தங்கை. திண்டுக்கல்லில் நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள்; கடைசி வருடம். கல்யாணமானால் படிப்பு போதும் என்று மாப்பிள்ளையின் அம்மா சொல்லி அனுப்பியிருந்தார். சித்தியின் விருப்பத்தை யாரும் கேட்கவில்லை. பெண்ணே வேண்டாம் என்றாள் என்று வெளியே தெரிந்தால் அப்புறம் ஒரு வரனும் வராது என்பது அம்மாவின் பயம்.

டிக்கெட் கொடுக்கும் இடத்தில் மாப்பிள்ளை வீட்டாரான அய்யம்பாளையத்துக் குடும்பம் நின்றிருந்தது. "அட, நீங்க எங்க இங்கிட்டு?" என்று அப்பா வியந்தார். எங்கள் பள்ளி ஆண்டுவிழாவில் மரமாக நின்ற பையன்கூட அதைவிட நன்றாக நடித்தான். மாப்பிள்ளை என்று எனக்குத் தெரியாத அந்த மனிதர், மடிப்புக்கூடக் கலையாத புது ஸ்வெட்டருக்குள் குளிரில் நடுங்கிக்கொண்டிருந்தார்.

அதன்பிறகு அவர்கள் எங்களை விடவே இல்லை. காசு கொடுத்து உள்ளே வந்தவர்கள் ராஜாவின் கட்டிலைப் பார்க்கவில்லை, சிங்கக் கால் வைத்த குளியல் தொட்டியைப் பார்க்கவில்லை, சித்தியையே பார்த்தார்கள். கட்டில் அறையில் மாப்பிள்ளையின் அம்மா, "தாயி, ஜன்னல்ட்ட போயி ஏரி தெரியுதான்னு பாத்துச் சொல்லு" என்றார். அங்கிருந்து ஏரி தெரியாது என்று எங்களுக்கெல்லாம் தெரியும். சித்தி நடந்து போய்ப் பார்த்துவிட்டு, தெரியவில்லை என்று சொன்னாள். நடையும் குரலும் தேறிவிட்டன.

திரும்பி வந்தவள் என் கையைப் பிடித்து, "ஏ குட்டி, அடுத்த ரூம்ல என்ன இருக்கு? வெரசா நட" என்றாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அவர்கள் ஒரு அறைக்குள் நுழையும்போது நாங்கள் அடுத்த அறையில் இருந்தோம். ராணியின் அறைக் கண்ணாடிக்குப் பக்கத்தில் சின்னக் கதவு ஒன்று திறந்திருந்தது. வேலைக்காரர்கள் கண்ணில் படாமல் வந்து போவதற்கானது என்று எழுதி வைத்திருந்தார்கள். உள்ளே போனால் படிக்கட்டு. கீழே இறங்கினால் பழைய சமையற்கட்டு.

சித்தி அங்கே அடுப்பு மேடையில் சாய்ந்து நின்றுகொண்டாள். மேலே அம்மா எங்களைக் கூப்பிடும் சத்தம் கேட்டது. நான் வாய் திறக்கப் போனதும் தலையாட்டித் தடுத்தாள். கொஞ்ச நேரத்தில் படியில் இறங்கி வந்தது ஸ்வெட்டர்காரர் மட்டும்தான். என்னைப் பார்த்தார், பிறகு சித்தியைப் பார்த்தார்.

"ஒங்களுக்கு இதுல இஷ்டமில்ல, அப்படித்தானங்க?"

சித்தி அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "இன்னும் ஒரு வருசப் படிப்பு கெடக்குங்க. ஆனா நான் வேணாம்னு சொன்னா எங்க அக்காவால ஊருக்குள்ள தலைகாட்ட முடியாது."

அவர் ஸ்வெட்டர் நூலைப் பிய்த்தபடி யோசித்தார். "சரி. எனக்குப் பிடிக்கலன்னு நான் சொல்லிர்றேன்."

வீடு திரும்பும் வழியில் பெருமாள்மலை வருவதற்குள், பெண்ணைப் பிடிக்கவில்லை என்று அவர்கள் போனில் சொல்லிவிட்டார்கள். அம்மா வழியெல்லாம் அழுதாள். அப்பா, இவனுக்கெல்லாம் எந்த ராணி வேண்டுமாம் என்று அந்த மனிதரைப் பல நாள் திட்டினார். சமையற்கட்டில் அவர் பிடிக்கவில்லை என்று சொன்னதை என் காதாலேயே கேட்டவள் நான். ஆகவே வீட்டில் எல்லோரையும்விட அதிகமாக அவரை வெறுத்தேன். அவர் குளிரில் பல் கிடுகிடுக்க நின்றதை நடித்துக் காட்டினால் அப்பா சிரிப்பார். ஒரு நாள் சித்தி புத்தகத்திலிருந்து நிமிர்ந்தாள்.

"அவர அப்படிப் பண்ணாத."

அதட்டவில்லை, மெதுவாகத்தான் சொன்னாள். நான் நிறுத்திவிட்டு அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டேன். பாவம், தன்னை வேண்டாமென்று சொன்னவரை இன்னும் மறக்க முடியவில்லை போல என்று நினைத்து, எனக்குத் தெரிந்த அளவில் அவளுக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று, முதுகைத் தடவிக் கொடுத்தேன்.