மூன்று கம்ப்யூட்டரிலும் திறக்காத ஃபைல்

நம்புகிறவர்கள் நம்பலாம். நம்பாதவர்கள் சிரித்துவிட்டுப் போகலாம். இது நடந்தது. நடந்த அறைக்கு நேர் கீழேதான் என் ஜெராக்ஸ் கடை. ஓர் ஆள் மாடிப்படியில் தலைதெறிக்க ஓடி வந்ததை என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன். மீதியை மாடியில் இருந்தவளே என்னிடம் சொன்னாள். கதை கட்டுகிற பழக்கம் அவளுக்கு இல்லை. "இது தேறாதுங்க" என்று முகத்துக்கு நேராகச் சொல்லியே பாதி வாடிக்கையாளர்களை விரட்டியவள் அவள்.

எங்கள் தெருவில் அவளுக்குப் பெயர் சாவிக்காரி. வீட்டுச் சாவி அல்ல. செத்துப்போன டிஸ்க், பாஸ்வேர்டு மறந்த டிஸ்க், ஒரு கம்ப்யூட்டரில் திறந்து இன்னொன்றில் திறக்காத டிஸ்க் எல்லாம் அவளிடம்தான் வரும். மேஜையில் மூன்று கம்ப்யூட்டர்கள் வரிசையாக இருக்கும். ஒன்று விண்டோஸ், ஒன்று மேக், ஒன்று லினக்ஸ். "ஒரே வீட்டுல மூணு மருமகளுங்க மாதிரி. ஒருத்தி முகத்தைத் திருப்பிக்கிட்டா இன்னொருத்தி பேசுவா" என்பாள்.

ஞாயிற்றுக்கிழமை. மதியம் 2.10. வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. தெருவில் ஈ காக்கை இல்லை.

ஐம்பது வயது மதிக்கத்தக்க ஓர் ஆள் படியேறி வந்தார். மடிப்புக் கலையாத சட்டை. கையில் தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிய ஒரு எஸ்.எஸ்.டி. டிஸ்க்.

"என் தங்கச்சியோடதும்மா. பதினொண்ணாம் தேதி தவறிட்டா. இதுல அவ ஃபோட்டோ எல்லாம் இருக்கும். அம்மா கேட்டுக்கிட்டே இருக்காங்க..."

"அச்சச்சோ. எப்படிங்க?"

"மருந்து வைக்கிற குளிர் கிடங்குல வேலை. ராத்திரி தனியா உள்ள போயிருக்கா. கதவு மாட்டிக்கிச்சு. யாருக்குமே தெரியல."

சொந்தம் என்று வருகிறவர்களிடம் அத்தாட்சி கேட்பது சாவிக்காரியின் வழக்கம். அன்று கேட்கவில்லை. அந்த ஆள் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவளுக்கும் ஒரு தங்கை உண்டு. கேட்க வாய் வரவில்லை.

டிஸ்க்கை வாங்கினாள். சில்லென்றிருந்தது. ஏதோ ஏ.சி. காரில் வைத்திருப்பார் என்று நினைத்துக்கொண்டாள்.

2.18. டிஸ்க்கைச் செருகினாள். உள்ளே ஒரே ஒரு ஃபைல். டிஸ்க் இமேஜ் என்பார்கள். ஒரு முழு டிஸ்க்கையும் ஒரே ஃபைலாகச் சுருட்டிப் பாஸ்வேர்டு போட்டுப் பூட்டி வைப்பது. மேக்கில் செய்தது. அதன் பிரதி ஒன்றை எடுத்து முதலில் விண்டோஸில் திறந்து பார்த்தாள். எதிர்பார்த்ததுதான். "இந்த டிஸ்க்கைப் படிக்க முடியவில்லை. ஃபார்மேட் செய்யவா?" என்று கேட்டது.

"செஞ்சிடுங்களேன்" என்றார் அந்த ஆள், சட்டென்று.

சாவிக்காரி திரும்பிப் பார்த்தாள். "ஃபார்மேட் பண்ணா எல்லாம் அழிஞ்சிடுங்க. அம்மா ஃபோட்டோ கேக்கறாங்கன்னீங்க?"

"அட ஆமா... எனக்கு இதெல்லாம் புரியாதும்மா."

அவளுக்கு என்னவோ உறுத்தியது. மேக்குக்கு மாறினாள்.

2.31. மேக் பாஸ்வேர்டு கேட்டது. கீழே, போட்டவர் ஞாபகத்துக்காக எழுதி வைத்த ஹின்ட் தெரிந்தது.

"கடைசியாக நான் கேட்டது."

"கடைசியா உங்க தங்கச்சி உங்ககிட்ட என்ன கேட்டாங்க?"

அந்த ஆளுக்கு நெற்றி வேர்த்தது. "தெரியலையே... ஒண்ணும் கேக்கல."

அவர் சொன்ன பெயர்கள், பிறந்த நாள், வண்டி எண் என்று எல்லாவற்றையும் போட்டுப் பார்த்தாள். எதுவும் பிடிகொடுக்கவில்லை. ஃபைல் எப்போது உருவானது என்று பார்த்தாள். பதினான்காம் தேதி, இரவு 9.40.

"பதினொண்ணுதானே சொன்னீங்க?"

"ஆமா."

"இது பதினாலாம் தேதி பண்ணியிருக்கு."

அவர் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்தார்.

டக்... டக்... டக்...

மூன்று முறை. மேஜையிலிருந்து. சாவிக்காரி டிஸ்க்கைப் பார்த்தாள். பழைய வகை டிஸ்க் என்றால் சாகும்போது இப்படித் தட்டும். இது எஸ்.எஸ்.டி. உள்ளே அசைகிற பொருள் ஒன்றுகூடக் கிடையாது.

தொட்டுப் பார்த்தாள். வேலை செய்கிற டிஸ்க் சூடாகும். இதன்மேல் வெள்ளையாகப் பனி படிந்திருந்தது.

2.44. விண்டோஸில், மேக் டிஸ்க்கைப் படிக்கிற ஒரு மென்பொருளைப் போட்டாள். அதே ஃபைல். அதே பிரதி. ஹின்ட் மட்டும் வேறாக இருந்தது.

"அவர் காதில் விழுந்தது."

கண்ணைக் கசக்கிக்கொண்டாள். மேக்கை எட்டிப் பார்த்தாள். அங்கே பழைய வரிதான் இருந்தது.

"விட்டுடும்மா" என்றார் அந்த ஆள். "அதைக் கொடு. நான் கிளம்பறேன்."

"இருங்க. லினக்ஸ்ல ஒரு தடவை பாத்துடறேன்."

ஏன் அப்படிச் சொன்னாள் என்று அவளுக்கே தெரியாது. எழுந்து போயிருக்க வேண்டும். கை தானாகப் போனது.

2.52. லினக்ஸின் கறுப்புத் திரை. அது ஹின்ட் எல்லாம் காட்டாது. பாஸ்வேர்டு என்று மட்டும் கேட்டுவிட்டு நிற்கும்.

நின்றது.

பிறகு ஒவ்வொரு எழுத்தாக வந்தது...

"மேனேஜர் சாருக்குத் தெரியும். பக்கத்தில்தான் நிற்கிறார்."

சாவிக்காரி திரும்பி அவரைப் பார்த்தாள். மெதுவாகக் கேட்டாள்.

"யாருங்க மேனேஜர்?"

அந்த ஆள் முகத்தில் ரத்தமே இல்லை. டிஸ்க்கைப் பிடுங்கினார். அலறிக்கொண்டு கையை உதறினார். உள்ளங்கைத் தோல் அதில் ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது.

டக்... டக்... டக்... டக்...

இப்போது நிற்கவே இல்லை. யாரோ உள்ளங்கையால் அடிக்கிற மாதிரி. இரும்புக் கதவில்.

ஏ.சி. ஓடவில்லை. ஆனால் அவள் மூச்சு புகையாக வந்தது.

அந்த ஆள் வாசலுக்கு ஓடினார். கண்ணாடிக் கதவு. தள்ளினால் திறக்கும். தள்ளினார். திறக்கவில்லை. தோளால் மோதினார். அசையவில்லை. வெளியே பளீரென்று வெயில். உள்ளே கண்ணாடியில் பனிப்பூ படர்ந்துகொண்டே வந்தது.

3.04.

"நான் வேணும்னு பண்ணலை!" என்று கத்தினார். "பத்து நிமிஷம் மிரட்டலாம்னுதான்..."

யாரிடம் சொல்கிறார்?

அவளைப் பார்த்துச் சொல்லவில்லை. மேக்குக்குப் பக்கத்தில் காலியாக இருந்த நாற்காலியைப் பார்த்துச் சொன்னார்.

பிறகு இரண்டு கையாலும் கதவில் அடித்தார்.

"கதவைத் திறங்க!"

மேக் திரையில் ஒரு புள்ளி விழுந்தது. பாஸ்வேர்டுக் கட்டத்தில்.

"கதவைத் திறங்க... தயவுபண்ணி..."

இன்னொரு புள்ளி. இன்னொன்று. சாவிக்காரியின் இரண்டு கையும் மடியில் இருந்தன.

"கதவைத் திறங்க!"

கட்டம் நிறைந்தது.

ஃபைல் திறந்துகொண்டது.

கதவும்.

3.06. அந்த ஆள் ஓடினார். அப்போதுதான் நான் பார்த்தேன். கொளுத்துகிற வெயிலில், அவர் வாயிலிருந்து வெள்ளைப் புகையாக மூச்சு போய்க்கொண்டிருந்தது. புருவத்தில் பனித்துகள். நான் கூப்பிட்டேன். திரும்பவில்லை.

மேலே சாவிக்காரி திரையைப் பார்த்தாள். நிறையப் படங்கள். குளிர் கிடங்கின் வெப்பநிலைப் பதிவேடுகள். கெட்டுப்போன மருந்தை நல்ல மருந்து என்று காட்டத் திருத்திய பக்கங்கள். ஒவ்வொன்றிலும் மேனேஜரின் கையெழுத்து. கடைசியில் ஒரு ஒலிப்பதிவு. ஒரு மணி நாற்பத்தேழு நிமிடம்.

நான்கு நிமிடம்தான் அவளால் கேட்க முடிந்தது.

இரும்புக் கதவில் அடிக்கிற சத்தம். ஒரு பெண்ணின் குரல். "சார்... கதவைத் திறங்க சார்... குளிருது சார்..." கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஓர் ஆண் குரல். "எழுதிக் கொடுப்பியா? எழுதுவியா என்னைப் பத்தி? கொஞ்ச நேரம் கிட. புத்தி வரும்." பிறகு தூரமாகப் போகிற காலடிச் சத்தம்.

சற்று முன் அவளிடம் அழுத அதே குரல்.

போலீஸுக்கு ஃபோன் செய்தாள். மாலை ஆறு மணிக்குப் பெண் இன்ஸ்பெக்டர் ஒருவர் வந்தார். நானும் கூட இருந்தேன். முழுப் பதிவையும் கேட்டு முடித்துவிட்டுச் சொன்னார்.

"அந்தப் பொண்ணு ஒரே பொண்ணு. அண்ணன் தம்பி கிடையாது. இவன் அந்தக் கிடங்கு மேனேஜர். அன்னிக்கு ராத்திரி வீட்டுல இருந்தேன்னு எழுதிக் கொடுத்தவன். அவ மேஜையில கிடந்த டிஸ்க்கை எடுத்துக்கிட்டு, உள்ள என்ன இருக்குன்னு பாக்க இங்க வந்திருக்கான்."

"அப்ப இந்தப் பதிவு போதுமில்லையா மேடம்?"

"போதும். ஆனா ஒண்ணுதான் புரியல. அவ ஃபோன் வெளியே மேஜை மேல கிடந்தது. உள்ள அவகிட்ட எந்தக் கருவியும் இல்ல. கிடங்குல மைக்கும் கிடையாது. இதை யாரு, எதுல பதிவு பண்ணாங்க?"

"அந்த ஆளைப் பிடிச்சிட்டீங்களா?" என்று கேட்டாள் சாவிக்காரி.

இன்ஸ்பெக்டர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"பிடிக்க வேண்டிய அவசியமில்ல."

தெருக்கோடியில், மர நிழல்கூட இல்லாத இடத்தில் அவன் காரை நிறுத்தியிருந்தான். 4.20க்குத்தான் யாரோ பார்த்திருக்கிறார்கள். உள்ளே, முழங்காலைக் கட்டிக்கொண்டு சுருண்டு கிடந்தான். விரல் நகங்கள் பிய்ந்திருந்தன. கண்ணாடியின் உள்பக்கம் முழுக்கக் கீறல். நான்கு கதவில் ஒன்றுகூடப் பூட்டப்படவில்லை.

குளிரில் விறைத்துச் செத்திருக்கிறான் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம்.

"பாவம்னு தோணுதா?" என்று பிறகு நான் சாவிக்காரியிடம் கேட்டேன்.

"இல்ல" என்றாள்.

இன்ஸ்பெக்டர் கிளம்பும்போது படியில் நின்று இன்னொன்றும் சொன்னார். அதைத்தான் என்னால் இன்றுவரை மறக்க முடியவில்லை. பிணத்தின் மடியில் ஒரு தண்ணீர் பாட்டில் இருந்ததாம். அதை எடுத்த கான்ஸ்டபிள் கையில் பிடிக்க முடியாமல் கீழே போட்டுவிட்டாராம்.

வெயிலில் அந்தத் தண்ணீர் அப்படிக் கொதித்துப் போயிருந்ததாம்.