பியோனிக்கு ஒரு பிடி ஐஸ்

யாங்கோன், போட்டாதாங் படகுத்துறை. என் படகு இன்னும் வரவில்லை. காலை பத்து மணிக்கே சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்கிறது. இரண்டு நாளாகச் சரியான தூக்கமில்லை.

கரும்புச்சாறு விற்கும் தமிழ் அக்கா ஐஸை உடைக்கிறார். முதல் பிடி எனக்கில்லை. காலடியில் இருக்கும் மண்தொட்டிக்குப் போகிறது. மண்ணில் ஒரு துளிர்கூட இல்லை.

"என்ன செடி அக்கா?"

"பியோனி. மக நார்வேலேருந்து கிழங்கு குடுத்துவிட்டா. குளிர் வேணுமாம்."

நானும் நார்வேயில்தான் இருக்கிறேன். என் வீட்டுப் பின்சுவரோரம், அரைநாள் வெயில்கூடப் படாத இடத்தில், அது வருஷத்துக்கு நாலு பூ பூக்கிறது. மாதக்கணக்கில் உறைபனிக்கடியில் கிடந்தால்தான் அதுவும். அசதியில் அதைச் சொல்லியும்விடுகிறேன்.

அக்கா டம்ளரைத் துடைத்துக்கொண்டே சொல்கிறார்: "தெரியும் தம்பி. இது பூத்ததும் வர்றேன்னு சொல்லியிருக்கா. பூக்காதுன்னு அவளுக்கும் தெரியும்."

சாறு கைக்கு வருகிறது. ஒரு வாய் குடித்துவிட்டு, அதில் மிதக்கும் இரண்டு ஐஸ் துண்டுகளை எடுத்துத் தொட்டியில் போடுகிறேன்.

அக்கா சட்டென்று குனிந்து அவற்றைப் பொறுக்கி வெளியே எறிகிறார்.

"சாறு பட்டது வேணாம் தம்பி. கிழங்குல எறும்பு ஏறிடும்."